ஐம்பத்தொரு கிலோவுக்குள் எங்கள் அண்ணா

எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையும் எனது ஒரே சகோதரருமான அண்ணா இறைவனில் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் தந்தார். உறவினர்கள் சிலர், "நல்லதை மட்டும் எழுது பிள்ளை, முடிஞ்சதைக் கிளறாத" என்று கேட்டுக்கொண்டார்கள். அண்ணி சொன்னது வேறு. "நடந்ததை எழுதுங்கோ மச்சாள். அவரைப் பற்றி மற்ற ஆக்கள் எழுதினது போதும்." நான் அண்ணியின் சொல்லைக் கேட்டு எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் சரிவில், உட்துறைமுகம் தெரியும் ஒரு வாடகை வீட்டில். அப்பா துறைமுகத்தில் கப்பல் மூட்டை இறக்கும் தொழிலாளி. அப்பா உயரமும் அகலமுமான மனிதர். அண்ணாவோ அம்மாவைக் கொண்டு பிறந்தவர், சின்ன எலும்பு. "இவன் மூட்டைக்குச் சரிவரான், படிப்பியுங்கோ" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். படிப்பிக்க நினைத்த அப்பா, அண்ணா பத்தாம் வகுப்பில் இருந்தபோது முதுகு அடிபட்டுப் படுக்கையில் விழுந்தார். அதன் பின் அவர் வேலைக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டே காலமானார். அம்மா அப்பம் சுட்டு விற்று எங்கள் இருவரையும் வளர்த்தார்.

அண்ணா குத்துச்சண்டைக்குப் போனது ஏன் என்று பத்திரிகைக்காரர் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். "முட்டைக்குப் போனனான்." நகரத்தில் இருந்த விளையாட்டுக் கழகத்தின் மண்டபத்தில், பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஓர் அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் கடலையும் கொடுப்பார்கள். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் முட்டை வாங்குவதில்லை. பத்திரிகைகளில் அது வரும்போது "சிறுவயது முதலே இவ்விளையாட்டில் தணியாத ஆர்வம் கொண்டிருந்தார்" என்று மாறியிருக்கும். அண்ணா அதை வாசித்துவிட்டுச் சிரிப்பார்.

முட்டைக்குப் போனவர் நல்ல சண்டைக்காரராக வந்தார் என்பதும் உண்மை. கை வேகம், கால் அதைவிட வேகம். மாகாணத்தில் அவருடைய எடையில் அவரை வென்றவர் இல்லை. தேசிய தெரிவுக்காகக் கொழும்புக்கு இரண்டு தடவை அழைத்தார்கள். முதல் தடவை யுத்தத்தால் பாதை பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை போவதற்கான அனுமதி, தெரிவுப் போட்டி முடிந்த பிறகு வந்தது. யுத்தம் முடிந்து யாரும் எங்கும் போகலாம் என்ற நிலை வந்தபோது, தெரிவுக் குழுவினர் அண்ணாவைவிட வயதில் குறைந்தவர்களைத் தேடினார்கள். இதைப் பற்றி அண்ணா யாரையும் குறை சொன்னதில்லை. குறை சொல்வது என் வேலையாகிவிட்டது.

சமாதானம் வந்த புதிதில் கடற்கரையில் நடந்த ஒரு விழாவில் அண்ணா காட்சிச் சண்டை ஒன்று செய்தார். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் மறுநாள் வீடு தேடி வந்தார். கொழும்பில் பயண முகவர் நிலையம் வைத்திருந்த தமிழர். வெளிநாடுகளில் தொழில்முறைக் குத்துச்சண்டை நடத்துகிறவர்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அவரை எங்கள் வீட்டில் மனேஜர் என்றுதான் சொல்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். ஆகையால் அன்றைய பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தம்பிட எடை என்ன?"

"ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தெட்டில ஆசியா முழுக்க ஆள் இருக்கு தம்பி. ஐம்பத்தொண்டுக்கு இறங்குங்க. சண்டைக்கு மேல சண்டை எடுத்துத் தாறன்."

அம்மா குசினி வாசலில் நின்று, "ஐயா, அவன் இப்பவே எலும்பும் தோலுமாத்தானே இருக்கிறான், எதைக் குறைக்கிறது?" என்று கேட்டார்.

"தண்ணிதான் அம்மா. உடம்பில இருக்கிறதெல்லாம் தண்ணி. இறக்கிட்டுப் பிறகு குடிக்கலாம்."

இந்தத் தொழிலைப் பற்றி அறியாத உறவினருக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். தாய்லாந்து போன்ற நாடுகளில், நாளைக்குச் சம்பியனாக்க வேண்டும் என்று இளம் வீரர்களைப் பணம் போட்டு வளர்ப்பார்கள். அவர்கள் பட்டத்துக்குப் போட்டியிட முன்பு வரிசையாகச் சில வெற்றிகள் வேண்டும். அந்த வெற்றிகளைக் கொடுப்பதற்கு வெளியில் இருந்து ஆள் எடுப்பார்கள். அண்ணா அப்படி எடுக்கப்பட்ட ஆள்.

அவரைத் தோற்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அண்ணா போயிருக்கவே மாட்டார். அவர்களுக்குக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சண்டைக்குச் சில நாள்கள் இருக்கும்போதுதான் அழைப்பு வரும். அந்தச் சில நாள்களில் ஏழு கிலோ இறக்க வேண்டும். விமானத்தால் இறங்கிய கையோடு தராசில் ஏறவேண்டும். மறுநாள் ரிங்கில் ஏறவேண்டும். எதிரே நிற்கிற பொடியன் மாதக்கணக்காகத் தயாராகி, சொந்த ஊரில் சொந்தச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நிற்பான். இவ்வளவும் செய்துவிட்டு, "இலங்கை வீரர் ஐந்தாம் சுற்றில் களைத்துப் போனார்" என்று எழுதுவார்கள்.

எடை இறக்கும் நாள்களை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்தான் அறிவார்கள். உச்சி வெயிலில், கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி உள்ளே போட்டு, அதற்கு மேல் தடித்த சட்டையும் போட்டுக்கொண்டு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஓடுவார். உப்பு இல்லை. சோறு இல்லை. கடைசி இரண்டு நாளும் தண்ணீர் இல்லை. அந்த நாள்களில் அம்மா மீன் பொரிக்கமாட்டார். நாங்கள் பாணையும் சம்பலையும் பின்பக்கம் நின்றபடி சாப்பிடுவோம்.

நான் தையல் வேலை செய்கிறவள். அண்ணாவின் சண்டைக் காற்சட்டைகளை நானே தைத்தேன். வீட்டில் அளவெடுத்துத் தைத்தால் அங்கே போய் இடுப்பில் நிற்காது. ஆகவே அவர் இடுப்பை விடச் சிறிதாக, இன்னும் இல்லாத ஒரு ஆளுக்குத் தைப்பதுபோலத் தைப்பேன்.

ஒரு நாள் ஓடிவிட்டு வந்து படியில் இருந்தபடி, "தங்கச்சி, வாய் கொப்பளிக்க ஒரு கிளாஸ் தண்ணி தா" என்றார். கொடுத்தேன்.

"இதில நில்லு. என்ர தொண்டையைப் பார். அசைஞ்சா கிளாஸைப் பறி."

"என்னால ஏலாது அண்ணா."

"அம்மாவாலயும் ஏலாது. அப்ப ஆர் நிக்கிறது?"

நின்றேன். அவர் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு முற்றத்தில் துப்பினார். ஈரமான மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்படித் தோற்றுத் தோற்று வந்த காலத்தில்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. அண்ணி மூதூரைச் சேர்ந்தவர். பெண் பார்க்கப் போனபோது அண்ணாவின் கண்ணுக்கு மேல் தையல் போட்டிருந்தது. "இவர் என்ன தொழில் செய்யிறவர்?" என்று அண்ணியின் தகப்பனார் கேட்டதற்கு, "அடி வாங்கிற தொழில் மாமா" என்று அண்ணாவே சொல்லிவிட்டார். அதற்காகவே பிடித்தது என்று அண்ணி சொல்வார். மகளும் பிறந்தாள். சண்டைக் காசில்தான் வீட்டுக்கு ஓடு போட்டோம். அதை மறைக்கக்கூடாது.

இனி அண்ணா வென்ற சண்டையைச் சொல்ல வேண்டும்.

அது பாங்கொக்கில் திறந்த வெளியில் போடப்பட்ட ரிங். எதிராளி அவர்களுடைய பெரிய நம்பிக்கை, தோல்வியே அறியாத பொடியன். வழக்கம்போல அண்ணா தராசில் ஐம்பத்தொன்று காட்டிவிட்டு இறங்கினார். மறுநாள் சண்டை நடக்கவேண்டும். காலையில் தொடங்கிய மழை விடவில்லை. ரிங்கின் மேல் போட்ட கூடாரம் சரிந்துவிட்டது. சண்டையை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். மறுபடி எடை நிறுப்பதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

அந்த ஒரு நாள் முழுவதும் அண்ணா சாப்பிட்டார். தங்கியிருந்த இடத்துக்குக் கீழே ஒரு சோற்றுக்கடை இருந்ததாம். சோறும் கோழியும் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, எழும்பித் திரும்பவும் போய்ச் சாப்பிட்டாராம். கடைக்காரப் பெண் மூன்றாவது தடவை அவரைக் கண்டதும் கேட்காமலே கோப்பையை நிரப்பினாராம். சண்டைக்குப் போகுமுன் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, இண்டைக்கு என்ர கால் என்னோட இருக்கு."

"என்னண்ணா சொல்லுறீங்கள்?"

"மற்ற நாளில அது எங்கயோ நிக்கும், நான் எங்கயோ நிப்பன். இண்டைக்கு நிலம் தெரியுது. அம்மாட்டச் சொல்லு."

நாங்கள் அண்ணியின் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அதுவரை நான் பார்த்த சண்டைகளில் எல்லாம் அண்ணா கயிற்றில் சாய்ந்து நிற்பவர். அன்று நடுவில் நின்றார். அந்தப் பொடியன் முன்னுக்கு வரவர இடது கையால் நிறுத்தினார். நான்காம் சுற்றில் விலாவில் ஒன்று கொடுத்தார். அவன் முழங்காலில் இருந்தான், எழும்பவில்லை. நடுவர் எண்ணி முடித்தபோது அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. எங்கள் வீட்டில் அம்மா போனைத் தூக்கி முத்தமிட்டார். படம் அணைந்துவிட்டது.

நகரம் அண்ணாவைக் கொண்டாடியது. பஸ் நிலையத்தில் இருந்து மேளத்தோடு கூட்டி வந்தார்கள். கழுத்து நிமிரமுடியாத அளவுக்கு மாலை. அரசியல்வாதி ஒருவர் நிரந்தர வேலை தருவதாக ஒலிவாங்கியில் சொன்னார். விளையாட்டுக் கழகத் தலைவர் நவீன பயிற்சிக் கூடம் கட்டித் தருவதாகச் சொன்னார். அண்ணா ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்து மாலைகளைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தபோது மனேஜரின் அழைப்பு வந்தது. பாராட்டத்தான் எடுக்கிறார் என்று அண்ணா போனைச் சத்தமாக வைத்தார். எல்லோரும் கேட்டோம்.

"தம்பி, என்ன வேலை பாத்திருக்கிறீங்க? அந்தப் பொடியனை நம்பி எத்தனை பேர் இருந்தாங்க தெரியுமா?"

"சண்டை பிடிக்கத்தானே ஐயா அனுப்பினீங்கள்?"

"சண்டை பிடிக்கத்தான். ஆனா இனி உங்களை ஆர் கூப்பிடுவாங்க? வெல்லக்கூடிய ஆளை ஆர் காசு குடுத்து எடுப்பாங்க?"

அண்ணா போனை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். "நான் வென்றது பிழையாம்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

மனேஜர் சொன்னது சரியாகவே நடந்தது. அழைப்பு வரவில்லை. வேலை தருவதாகச் சொன்னவர் அடுத்த தேர்தலில் தோற்றுப் போனார். பயிற்சிக் கூடத்துக்கு ஓர் அடிக்கல் நட்டார்கள். அதைச் சுற்றி இப்போது எருக்கலை முளைத்திருக்கிறது. அண்ணா சில மாதம் கந்தளாயில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கினார். மூட்டைக்குச் சரிவரமாட்டார் என்று அப்பா சொன்ன அதே உடம்போடு.

கடைசியில் அவரே மனேஜரை அழைத்தார். அதை அவர் செய்யக்கூடாது என்று அண்ணி அழுதார். "எனக்கு வேற என்ன தெரியும்?" என்று அண்ணா கேட்டார். மனேஜர் ஒரு வழி வைத்திருந்தார். இன்னும் கீழே, நாற்பத்தொன்பதுக்கு இறங்க வேண்டும். அந்த எடையில் அண்ணா எவரையும் வெல்லமாட்டார் என்பது மனேஜருக்கும் தெரியும், அவரிடம் ஆள் கேட்டவர்களுக்கும் தெரியும்.

அண்ணா தராசு வரை போகவில்லை. வெளிநாட்டு விடுதியொன்றின் குளியலறையில், சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஆவிக்குள் இருந்தவர் அங்கேயே விழுந்தார். அவருடைய உடம்பில் வியர்க்க எதுவும் மிச்சம் இருக்கவில்லை என்று அங்குள்ள வைத்தியர் சொன்னாராம். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போயிருக்கிறது. சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். "எடையைச் சரிசெய்யத் தவறியதால் போட்டி இரத்து" என்று செய்தி வந்தது. தவறியவர் அண்ணாவாம்.

அதன் பிறகு அண்ணா கையுறை போடவில்லை. சீனன்குடாவில் ஓர் ஒப்பந்தகாரரிடம் காவலாளி வேலை கிடைத்தது. வாயிலில் நின்று வருகிற லொறிகளின் இலக்கம் எழுதவேண்டும். சில ஆண்டுகள் அப்படி ஓடின. அவை நல்ல ஆண்டுகள் என்றே அண்ணி சொல்வார். மகளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். கொஞ்சம் வயிறு வைத்தது. நான் அவருக்கு முதல் தடவையாக அவருடைய உண்மையான அளவில் காற்சட்டை தைத்தேன்.

பிறகு கால் வீங்கத் தொடங்கியது. சப்பாத்துக்குள் போகவில்லை. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எதனால் என்று அண்ணி கேட்டதற்கு, தண்ணீர் இல்லாமல் பலமுறை உடம்பை வருத்தியதும் அந்தப் பெரிய விழுகையும் காரணமாக இருக்கலாம், முழு நிச்சயமாகச் சொல்ல ஏலாது, கந்தளாய்ப் பக்கம் சண்டை பிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்று வைத்தியர் நேர்மையாகச் சொன்னார். அவர்மேல் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. எனது சிறுநீரகத்தைக் கொடுப்பதாகச் சொன்னேன். பொருந்தவில்லை.

கிழமைக்கு மூன்று தடவை இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதற்கும் அரைப் போத்தல். மருந்து விழுங்கும் தண்ணீரும் அதற்குள்தான். இதைக் கேட்டபோது அண்ணா, "இப்ப எந்தச் சண்டைக்கு எடை இறக்கிறம்?" என்று என்னிடம் கேட்டார். நான் வெளியே போய்விட்டேன்.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஓட்டோக்காரர், நாங்கள் நானா என்று அழைப்பவர். வெயிலில் காத்திருந்தாலும் அண்ணாவுக்கு முன்னால் அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்ததில்லை. ஒரு நோன்பு மாதத்தில் அண்ணா அவரைப் பார்த்து, "நானா, உங்களுக்கு ஒரு மாசம், எனக்கு வருஷம் முழுக்க" என்றாராம். நானா சொன்னது: "எங்களுக்குப் பொழுதுபட்டா பேரீச்சம்பழமும் தண்ணியும் இருக்கு தம்பி. உங்களை நோன்பு பிடிக்க வெச்சவன் துறக்க விடல்லியே."

அந்த ஆண்டுகளில் விளையாட்டுக் கழகத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை. மனேஜர் ஒரு தடவை அழைத்துச் சுகம் விசாரித்தார். அண்ணா அவரிடம் மரியாதையாகவே பேசினார். கடைசி மாதத்தில் பேச்சுக் குறைந்தது. ஒரு பின்னேரம் மகள் பக்கத்தில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அவளுடைய தலையில் கை வைத்தபடி கண்ணை மூடினார். அவள் எழுதி முடித்த பிறகுதான் அந்தக் கை பாரமாக இருப்பதை உணர்ந்தாள். அவருக்கு வயது நாற்பது நிறையவில்லை.

செத்த வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். வராதிருந்தவர்களும் வந்தார்கள். கழகத் தலைவர் கொடி போர்த்தினார். மனேஜர் கொழும்பில் இருந்து வாகனம் பிடித்து வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். சிங்கத்தின் இதயம் கொண்டவர் என்றார். மண்ணின் மைந்தன் என்றார். பேசி முடித்து, அண்ணியிடம் வந்து தாழ்ந்த குரலில், "கவலைப்படாதீங்க தங்கச்சி. இது கந்தளாய்ப் பக்கத்தில எல்லாருக்கும் வாற வருத்தம்தானே. ஆர் என்ன செய்யிறது?" என்றார்.

அண்ணி எழும்பி நின்றார்.

"கந்தளாயில ஒருத்தரையும் தராசில ஏத்துறதுக்காகத் தண்ணி குடுக்காமல் வைச்சிருக்கேல்லை ஐயா. நீங்கள் போங்கோ."

குரல் உயரவில்லை. ஆனால் பந்தலில் இருந்த அனைவருக்கும் கேட்டது. சிலர் அண்ணியை அமர்த்தப் பார்த்தார்கள். செத்த வீட்டில் இப்படிப் பேசலாமா என்று பின்னர் கதைத்ததும் எங்கள் காதுக்கு வந்தது. அப்படிக் கதைத்தவர்களுக்கும் இந்த மலர் கிடைக்கும். மனேஜர் போய்விட்டார். அன்று செபம் நிம்மதியாக நடந்தது.

சென்ற மாதம் கழகத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆண்டு நினைவை முன்னிட்டு அண்ணாவின் பெயரில் இளையோருக்கான குத்துச்சண்டைப் போட்டி நடத்தப்போவதாகவும், வெற்றிக் கிண்ணத்தில் அண்ணாவின் படம் பொறிக்கப்போவதாகவும், எங்கள் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னார். அம்மா அழுதுவிட்டார். அம்மாவுக்கு விருப்பம். அண்ணி கேட்டார்.

"பொடியளை எப்ப நிறுப்பீங்கள்?"

"முதல் நாள். எல்லா இடத்திலயும் அதுதான் வழமை."

"அப்படி வேண்டாம். அண்டைக்கே காலமை சாப்பாடு குடுத்து, தண்ணி குடுத்து, அதுக்குப் பிறகு நிறுங்கோ. எந்த எடை வருதோ அந்த எடையில விடுங்கோ. எடை இறக்கச் சொல்லி ஒரு பிள்ளைக்கும் சொல்லக்கூடாது. இதுக்கு ஓம் எண்டால் எனக்கும் ஓம்."

"அது விதிமுறைக்குச் சரிவராது தங்கச்சி. மேல இருக்கிற ஆக்கள் ஏத்துக்கொள்ளமாட்டினம். படம் போட்டுக் கிண்ணம் வைக்கிறது அவருக்குப் பெருமைதானே?"

"அப்ப அவற்ற படத்தைப் போடாதேயுங்கோ."

தலைவர் தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார். ஆகவே அண்ணாவின் பெயரில் கிண்ணம் எதுவும் இல்லை என்பதை அனைவருக்கும் அறியத் தருகிறோம். எங்காவது அப்படி ஒன்று வைக்கப்பட்டால், அது எங்கள் குடும்பத்தின் சம்மதத்தோடு வைக்கப்பட்டதல்ல.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வாடகை கூட வாங்காமல் பல நாள் ஏற்றிச் சென்று, பெட்டிக்குத் தோள் கொடுக்கவும் முன்னுக்கு வந்த கிண்ணியா நானாவுக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்றி. இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் அண்ணாவின் ஊசி ஏறிய கையைத் தன் கையில் வைத்திருந்த தாதியருக்கு நன்றி. விடுமுறை கேட்ட போதெல்லாம் முகம் சுளிக்காமல், அவருடைய இடத்தில் வாயிலில் நின்ற சீனன்குடா சக காவலாளிகளுக்கு நன்றி. பங்குத் தந்தைக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், அம்மாவோடு வந்து இருந்த பெண்களுக்கும் நன்றி. வேறு எவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கவில்லை.

நினைவுத் திருப்பலி முடிந்ததும் எங்கள் இல்லத்தில் மதிய போசனம் பரிமாறப்படும். அண்ணியும் அம்மாவும் காலையில் இருந்து சமைக்கிறார்கள். மீன் பொரியலும் உண்டு. வந்திருக்கும் அனைவரும் இருந்து, வேண்டுமட்டும் சாப்பிட்டு, வேண்டுமட்டும் குடித்து, ஆறுதலாகப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒருவரும் அரை வயிற்றோடு எழும்பக்கூடாது.

தங்கை